நடந்தவர் பெயரோடு வண்டி ஓட்டியவர் பெயரையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீருக்கு நடந்து போகிறவர்கள் சேலத்தைத் தாண்டும்போதெல்லாம் உங்கள் நாளிதழின் சேலம் பக்கத்தில் ஒரு படமும் நாலு வரிச் செய்தியும் வருகிறது. கையில் தேசியக் கொடி, தோளில் சால்வை, எதற்காக நடக்கிறார், இதுவரை எத்தனை கிலோமீட்டர் வந்திருக்கிறார், அவ்வளவுதான். அந்தச் செய்தி வருவதே நல்ல விஷயம், அதில் எனக்குக் குறை கிடையாது. ஆனால் அந்தப் படத்தின் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு ஒரு வண்டி நிற்கும் பாருங்கள், அதை ஓட்டிக்கொண்டு வந்தவரையும் அதற்குப் பின்னால் உட்கார்ந்து பாத்திரம் கழுவுகிறவரையும் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. அவர்களைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நீளமாகத்தான் வரும், முழுவதும் போட முடியாவிட்டாலும் நீங்களாவது முழுவதும் படியுங்கள்.

நான் கொண்டலாம்பட்டிக்காரி. என் தம்பி கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகர் வரை நடந்தபோது வண்டியில் கூடப் போனவள். வண்டி என்றால் பின் சீட்டைக் கழற்றிய ஒரு பழைய ஆம்னி வேன், உள்ளே சின்ன கேஸ் அடுப்பு, குக்கர், தண்ணீர் கேன், பாய், தலையணை, மருந்துப் பெட்டி. என் வீட்டுக்காரர் ஓட்டினார். அவர் பல வருஷம் சங்ககிரியிலிருந்து நேஷனல் பெர்மிட் லாரி ஓட்டியவர், நாக்பூர் வழியும் டெல்லி வழியும் அவருக்கு அத்துப்படி, எந்த தாபாவில் லாரிக்காரர்கள் நிம்மதியாகத் தூங்கலாம் என்பது வரைக்கும் தெரியும், லாரிக்காரர் இந்தியும் சரளமாக வரும். எங்கள் தெருப் பையன் ஒருவன், படிப்பை முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தவன், சைக்கிளோடு வந்தான். ஆக, நடப்பவர் ஒருவர், கூட மூன்று பேர். தம்பி நடந்ததற்குப் பெரிய காரணம் எதுவும் கிடையாது, நாட்டை ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்குக் காலால் நடந்து பார்க்க வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே ஆசை. அதுவே போதுமான காரணம் என்றுதான் நான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

நடைபயணம் என்றதும் எல்லோருக்கும் கால் வலியும் வெயிலும்தான் நினைவுக்கு வரும். எங்களை முதலில் படுத்தியது சென்டர் மீடியனில் வளர்ந்திருக்கும் அரளிச் செடி. நம் ஊரில் வண்டிகள் இடது பக்கம் போவதால், நடக்கிறவர் ரோட்டின் வலது ஓரத்தில், எதிரே வருகிற வண்டியைப் பார்த்தபடி நடப்பதுதான் பத்திரம். முதுகுக்குப் பின்னால் வருவது தெரியாது, முகத்துக்கு நேரே வருவதைப் பார்த்து ஒதுங்கிக்கொள்ளலாம். சரி, நாலு வழிச் சாலையில் இதைச் செய்து பாருங்கள். தம்பி தெற்கே வரும் வண்டிகளின் ரோட்டோரம் நடக்கிறான், எங்கள் வண்டி வடக்கே போகும் ரோட்டில் நிற்கிறது, நடுவில் மீடியன், அதில் ஆள் உயரத்துக்கு அரளி, பூத்துக் குலுங்குகிறது, அந்தப் பக்கம் அவன் வந்துவிட்டானா இல்லையா என்றுகூடத் தெரியாது. அவனுக்கு ஒரு டம்ளர் மோர் கொடுக்க வேண்டுமென்றால் நான் நாலு லேனையும் தாண்டிப் போக வேண்டும், நூறு கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார்களுக்கு நடுவில். இதற்காகத்தான் அந்தப் பையனும் சைக்கிளும். கேரியரில் தண்ணீர், குடை, முதலுதவிப் பெட்டி, கடலை மிட்டாய். நெடுஞ்சாலையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே தம்பி கூட நடப்பான், சர்வீஸ் ரோடு வந்தால் ஏறி மிதித்துக்கொண்டு முன்னால் போய் எங்களிடம் தண்ணீர் நிரப்பிக்கொண்டு திரும்பி வருவான். யோசித்துப் பாருங்கள், அவனும் பாதி நாட்டை நடந்தே கடந்திருக்கிறான், அதுவும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு. அவன் படம் ஒரு பேப்பரில்கூட வரவில்லை.

வண்டி எங்கே நிற்கலாம் என்பதில் என் வீட்டுக்காரர் ஒரே பிடியாக இருந்தார். ரோட்டோரம் எங்கேயும் நிறுத்த மாட்டார், தம்பி கை காட்டிக் கூப்பிட்டாலும் நிற்க மாட்டார். நெடுஞ்சாலையில் ஓரமாக நிற்கிற வண்டியின் பின்னால் வேகமாக வந்து மோதுவதை லாரி ஓட்டிய காலத்தில் அவர் நிறையப் பார்த்தவர். பெட்ரோல் பங்க், தாபா, லாரி நிறுத்துமிடம், சர்வீஸ் ரோட்டு முனை, இந்த மாதிரி இடங்களில்தான் நிறுத்துவார். சிலர் நடப்பவருக்குப் பின்னாலேயே இண்டிகேட்டர் போட்டுக்கொண்டு மெதுவாக உருட்டிக்கொண்டு வருகிறார்கள், பார்க்கப் பாதுகாப்பு மாதிரி தெரியும், ஆனால் பின்னால் வரும் லாரிக்காரருக்கு ஒரு வண்டி நடக்கிற வேகத்தில் போவது தெரிவதற்குள் கிட்டே வந்துவிடுவார். தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள்.

தொப்பூரில் மட்டும் நாங்கள் வலது ஓர விதியை மாற்றினோம். தர்மபுரியிலிருந்து சேலம் வரும் பக்கம்தான் இறக்கம், பாரம் ஏற்றிய லாரிகள் பிரேக் பிடிக்காமல் போவது அந்தப் பக்கத்தில்தான், இரட்டைப் பாலம் பக்கம் நடந்த விபத்துகளைப் பற்றி உங்கள் பத்திரிகையிலேயே எத்தனையோ தடவை படித்திருக்கிறோம். எதிரே வரும் வண்டியைப் பார்த்து நடக்கிறேன் என்று அந்தப் பக்கம் போனால், கட்டுப்பாடு இழந்து வரும் லாரிக்கு எதிரே நிற்பது போலத்தான். அதனால் ஏறுகிற பக்கமே, இடது ஓரமாக, விடிந்து வெளிச்சம் வந்த பிறகு, ரிஃப்ளெக்டர் ஜாக்கெட்டோடு, லாரிகள் முக்கி முனகி மெதுவாக ஏறும் பக்கத்தில் நடந்தான். இதெல்லாம் நடக்கிறவனுக்குத் தோன்றாது. அவன் மனசு முழுக்க அடுத்த கிலோமீட்டர் கல்லில்தான் இருக்கும். வழியை வண்டி ஓட்டுகிறவர்தான் யோசிக்க வேண்டும்.

கிளம்புவதற்கு முன்னால் ஏற்காட்டில்தான் பழகினோம். அடிவாரத்திலிருந்து இருட்டோடு கிளம்பி இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, மேலே போய்ச் சாப்பிட்டுவிட்டு, மத்தியானத்துக்குள் இறங்கி வருவது. ஏறும்போது தம்பிக்கு ஒன்றும் ஆகவில்லை. இறங்கும்போதுதான் ஷூவின் முனையில் கட்டை விரல் போய்ப் போய் இடித்து நகம் கறுத்துவிட்டது. அதற்கப்புறம் தான் ஒரு அளவு பெரிய ஷூ வாங்கியது, நீண்ட தூரம் நடந்தால் சாயங்காலத்துக்குள் பாதம் வீங்கிவிடும், காலையில் சரியாக இருக்கும் ஷூ மாலையில் கடிக்கும். அப்புறம், மலைப்பாதையில் வண்டியை எங்கே நிறுத்தினாலும் வளைவில் வருகிறவருக்குத் தெரியாது, சனி ஞாயிறு சுற்றுலா வண்டிகள் வேறு. எவ்வளவு தூரத்துக்கு ஒரு தடவை தண்ணீர், எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவை உட்கார வேண்டும், அவன் முகத்தைப் பார்த்தே சோர்வைக் கண்டுபிடிப்பது எப்படி என்று நாங்கள் மூன்று பேரும் பழகியது அங்கேதான். பயிற்சி நடக்கிறவருக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள், கூடப் போகிறவர்களுக்கும் அதே அளவு வேண்டும்.

காலைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். சாயங்காலம் வண்டியின் பின் கதவைத் திறந்து தம்பி உட்காருவான், நான் கீழே ஸ்டூல் போட்டு அவன் காலை மடியில் வைத்துக்கொள்வேன். முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, விரல் இடுக்கு எல்லாம் ஈரமில்லாமல் துடைக்க வேண்டும். குதிகாலிலும் சுண்டு விரல் பக்கமும் கொப்புளம் இருக்கும். சின்னதாக வலிக்காமல் இருந்தால் தொடக்கூடாது, மேலே பிளாஸ்டர் மட்டும். பெரிதாக உப்பி, மறுநாள் அதன் மேலேயே நடந்தாக வேண்டும் என்றால், கொதிக்கும் தண்ணீரில் போட்டெடுத்த ஊசியால் ஓரத்தில் ஒரு சின்ன ஓட்டை, பஞ்சை வைத்து மெதுவாக அழுத்தினால் நீர் வடிந்துவிடும், மேல் தோலை உரிக்கவே கூடாது, அதுதான் உள்ளே இருக்கும் புதுத் தோலுக்குப் போர்வை. மருந்து தடவி, கட்டுப் போட்டு, காற்றாட விட வேண்டும். காலையில் வாஸ்லின் தடவி, வியர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பருத்தி சாக்ஸ் இல்லாமல் சீக்கிரம் காயும் சாக்ஸ் போட்டு, கொஞ்ச தூரத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். வேனின் ஜன்னல் கம்பியில் எப்போதும் சாக்ஸ் காய்ந்துகொண்டிருக்கும், பஞ்சாப் வரைக்கும் அதுதான் எங்கள் கொடி. சர்க்கரை நோய் உள்ளவர்கள் இந்த ஊசி வேலையை வீட்டில் செய்யவே கூடாது, டாக்டரிடம்தான் போக வேண்டும், அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

சாப்பாட்டில் நம் ஊர் சாமான்தான் கை கொடுத்தது. விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்புகிறவனுக்கு இட்லி தோசை இறங்காது. ஜவ்வரிசிக் கஞ்சி, உப்பும் மோரும் போட்டு, அதுதான் முதல் ஆகாரம். பத்து மணிக்குள் வெயில் ஏறிவிடும், அப்போது ஒரு நிழலில் நிறுத்தி சோறு, பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், கிடைத்த ஊரில் கிடைத்த காய். நாலு மணி வரைக்கும் தூக்கம், மறுபடி இருட்டுவதற்குள் மிச்ச தூரம். புழுங்கலரிசி தெலங்கானாவைத் தாண்டினால் நினைத்த இடத்தில் கிடைக்காது, அதனால் மூட்டையாகவே எடுத்துப் போயிருந்தோம். முக்கியமான விஷயம் ஒன்று: வெயிலில் மணிக்கணக்காக நடக்கிறவருக்கு வெறும் தண்ணீரை மட்டும் கொடுத்துக்கொண்டே இருந்தால் ஆபத்து. வியர்வையோடு உப்பும் போகிறது, ரத்தத்தில் சோடியம் குறைந்தால் தலைசுற்றல், வாந்தி, பேச்சுத் தடுமாற்றம் என்று போய் உயிருக்கே ஆபத்தாகும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கிறார்களே அந்த உப்புச் சர்க்கரைப் பொட்டலம், அதை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கலக்க வேண்டும், அதில் 2.6 கிராம் உப்பும் 13.5 கிராம் குளுக்கோஸும் இன்னும் ரெண்டு உப்புகளும் இருக்கின்றன, அந்த அளவு மாறக்கூடாது, அரைப் பொட்டலம் கால் பொட்டலம் என்று கண்ணளவில் போடக்கூடாது. இதைக் கவனிக்கிற ஆள் கூட இருக்க வேண்டும், ஏனென்றால் தலைசுற்ற ஆரம்பித்தவருக்குத் தனக்குத் தலைசுற்றுவது தெரியாது.

இரவில் எங்கே நிறுத்தினானோ அந்தக் கிலோமீட்டர் கல்லை போனில் படம் எடுத்துக்கொள்வோம். வண்டியில் ஏறி தங்குமிடத்துக்குப் போவோம், மறுநாள் அதே கல்லில் கொண்டு வந்து இறக்கிவிட்டால்தான் நடை தொடங்கும். ஒரு நாள் ஆந்திராவில் நல்ல மழை, தங்கும் இடத்துக்குக் கொஞ்ச தூரம்தான் பாக்கி, தம்பி நனைந்து நடுங்கிக்கொண்டு வந்து, "அக்கா, இதை மட்டும் வண்டில போயிடலாமா, யாருக்குத் தெரியப் போகுது" என்றான். என் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லாமல் துண்டையும் டீயையும் கொடுத்தார், அப்புறம் "ஏறு மாப்ள, தூங்கு, காலைல இதே கல்லுக்கு வந்துடலாம்" என்றார். மறுநாள் அப்படியே திரும்பிப் போனோம். நடக்கிறவர் நேர்மையாக நடந்தார் என்றால் அதில் வண்டிக்காரருக்கும் பங்கு இருக்கிறது. வண்டி நடப்பவரைவிட அதிக தூரம் ஓடுகிறது என்பதையும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை, முன்னால் போக வேண்டும், திரும்பி வர வேண்டும், அரிசி வாங்க ஊருக்குள் போக வேண்டும், அத்தனைக்கும் பெட்ரோல்.

இந்த விஷயம் சேலத்து மக்களுக்குப் புதிது கிடையாது. எடப்பாடியிலிருந்து பருவதராஜகுலத்தார் பல தலைமுறையாகக் காவடி எடுத்துக்கொண்டு பழனிக்கு நடந்து போகிறார்கள், மலை மேலேயே பஞ்சாமிர்தம் செய்து இரவு அங்கேயே தங்குகிறார்கள். பழனிக்கோ வேறு கோயிலுக்கோ பாதயாத்திரை போகும் எந்தக் குழுவைப் பார்த்தாலும், சாமான் வண்டி ஒன்று முன்னால் போயிருக்கும், இவர்கள் போய்ச் சேருவதற்குள் சோறு வெந்திருக்கும். அந்த வண்டியில் போகிறவரும் விரதம் இருக்கிறவர்தான், மாலை போட்டவர்தான், புண்ணியத்தில் அவருக்குக் குறைவு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அந்த மரியாதையைத்தான் நான் கேட்கிறேன்.

சரித்திரத்திலும் அப்படித்தான். காந்தி 1930 மார்ச் 12-ல் சபர்மதியிலிருந்து தண்டிக்கு நடந்தபோது, குஜராத் வித்யாபீட மாணவர்கள் ஒரு குழுவாக முன்னாலேயே ஒவ்வொரு கிராமமாகப் போய், எங்கே தங்குவது, எங்கே தண்ணீர், எங்கே கழிப்பிடம் என்று பார்த்து வைத்தார்கள். அடுத்த மாதம் ஏப்ரல் 13-ல் ராஜாஜி, இதே சேலத்தில் வக்கீலாக இருந்தவர், 1917 முதல் 1919 வரை நகராட்சித் தலைவராக இருந்தவர், சுமார் நூறு தொண்டர்களோடு திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்குக் கிளம்பினார். தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் என்ன செய்தார் தெரியுமா, இவர்களுக்குச் சோறு போடுகிறவர்களுக்கும் இடம் கொடுக்கிறவர்களுக்கும் தண்டனை என்று அறிவித்தார். சோற்றை நிறுத்தினால் நடை தானாக நின்றுவிடும் என்று அந்த வெள்ளைக்காரருக்குத் தெரிந்திருந்தது. ஜனங்கள் ரோட்டோர மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டார்கள். அப்படித்தான் அந்த ஊர்வலம் ஏப்ரல் 28-ல் வேதாரண்யம் போய்ச் சேர்ந்தது. ராஜாஜி பெயர் நமக்குத் தெரியும், பொட்டலம் கட்டிய ஒருத்தர் பெயரும் எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரிந்திருக்காது.

இன்னொரு ஊர்க் கதையும் சொல்கிறேன். கனடாவில் டெரி ஃபாக்ஸ் என்ற பையன், புற்றுநோயால் வலது காலை இழந்தவன், 1980 ஏப்ரல் 12-ல் செயற்கைக் காலோடு நாட்டின் கிழக்கு முனையிலிருந்து ஓட ஆரம்பித்தான். 143 நாள், 5,373 கிலோமீட்டர். புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவியதால் பாதியில் நிறுத்த வேண்டி வந்தது, அடுத்த வருஷம் இறந்துவிட்டான். அவன் கூட வேன் ஓட்டி, தண்ணீர் கொடுத்து, சமைத்துப் போட்டது டக் ஆல்வர்ட் என்ற நண்பன் ஒருவன்தான். சில வாரத்திலேயே ரெண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை நின்றுவிட்டது, டெரியின் அப்பா அம்மா விமானம் ஏறி வந்து சமாதானம் செய்தார்கள், அப்புறம் டெரியின் தம்பியும் கூடச் சேர்ந்துகொண்டான். எனக்கு அந்தச் சண்டை நன்றாகப் புரிகிறது. நாள் முழுக்க ஒரே வண்டி, ஒரே ரோடு, தூக்கம் குறைவு, ஒருவர் வலியில் எரிந்து விழுவார், இன்னொருவருக்கு யார் நன்றி சொன்னது என்று தோன்றும். எங்களுக்குள்ளும் வந்தது. ஹைதராபாத் பக்கம் என் தம்பியும் என் வீட்டுக்காரரும் முகம் கொடுத்துப் பேசவில்லை, சைக்கிள் பையன்தான் தூது. ரெண்டு பேரையும் ஒரு நாள் முழுக்க ஓய்வெடுக்கச் சொல்லி, நல்ல கோழிக் குழம்பு வைத்துப் போட்ட பிறகு சரியானது. வாரத்தில் ஒரு நாள் யாரும் நடக்கக் கூடாது, யாரும் ஓட்டக் கூடாது என்று அதற்கப்புறம் முடிவு செய்துகொண்டோம். கிளம்புகிறவர்கள் இதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள், யார் சமைப்பது, யார் காசு வைத்திருப்பது, நடக்கிறவர் உடம்பு முடியாமல் போனால் நிறுத்தச் சொல்லும் அதிகாரம் யாருக்கு என்பதையும் சேர்த்து.

இப்போது ஒரு பழக்கம் வந்திருக்கிறது, பையில் காசு இல்லாமல், கூட ஆள் இல்லாமல், போனை மட்டும் நீட்டிக்கொண்டு தனியாக நடப்பது. அதற்குத்தான் அதிகப் பேர் கைதட்டுகிறார்கள். அந்தப் பிள்ளைகளின் தைரியத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. 1962-ல் சதீஷ் குமார், இ.பி. மேனன் என்ற ரெண்டு இளைஞர்கள் கையில் காசில்லாமல் டெல்லியிலிருந்து மாஸ்கோ, பாரிஸ் என்று நடந்து போனார்கள், அதற்கப்புறம் கடல் தாண்டி லண்டனுக்கும் வாஷிங்டனுக்கும் போனார்கள், அணுகுண்டு வேண்டாம் என்று சொல்வதற்காக. ஆனால் அவர்களுக்கும் ஒவ்வொரு ராத்திரியும் ஏதோ ஒரு வீடு கதவைத் திறந்தது, அந்த வீட்டுக்காரர்கள்தான் அவர்களுக்கு சப்போர்ட் டீம். அந்தக் காலத்து ரோடும் இந்தக் காலத்து ரோடும் ஒன்றா என்பதையும் பார்க்க வேண்டும். 2022-ல் இந்தியாவில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர், அதில் நடந்து போனவர்கள் மட்டும் 32,825 பேர். மத்திய அரசு வெளியிட்ட கணக்கு இது. விடியற்காலை இருட்டில் காதில் பாட்டைச் செருகிக்கொண்டு தனியாக நெடுஞ்சாலையில் நடக்கும் பிள்ளையைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது.

ரோட்டைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். முன்பு ஏழாம் நம்பர் தேசிய நெடுஞ்சாலை என்று சொன்னோமே, இப்போது 44, இதே ரோடு ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை சுமார் 3,700 கிலோமீட்டர் போகிறது, நம் ஓமலூர், கொண்டலாம்பட்டி, சீலநாயக்கன்பட்டி வழியாகத்தான். மத்தியப் பிரதேசமும் மகாராஷ்டிராவும் சேரும் இடத்தில், பென்ச் புலிகள் காப்பகத்துக்குள் இந்த ரோட்டை உயர்த்திக் கட்டி, கீழே விலங்குகள் போக வழி விட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்து நாங்கள் எல்லோருமே சந்தோஷப்பட்டோம், நல்ல மனசோடு செய்த வேலை. அதே மனசு நடக்கிற மனுஷனுக்கும் வேண்டும். ராணி மங்கம்மாள் காலத்தில் ரோடு போட்டால் கூடவே சத்திரம் கட்டினார்கள், நம் கிராமத்து ரோடுகளில் இன்றைக்கும் சுமைதாங்கிக் கல் நிற்கிறது. இப்போது சுங்கச்சாவடியில் கழிப்பறை இருக்கிறது, ஆனால் அங்கே நடந்து போய்ச் சேருவதற்கே ஒரு நாள் ஆகும். எங்களுக்குத் துணையாக இருந்தது பெட்ரோல் பங்க்குகள்தான். பங்க்கில் கழிப்பறையும் குடிதண்ணீரும் இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது விதி, பெட்ரோல் போட்டால்தான் சாவி என்று சொன்னால் விதியைச் சொல்லிக் கேளுங்கள். கூட்டத்தில் ஒரு பெண் இருந்தால் நாள் திட்டமே பங்க்கை வைத்துத்தான் போட வேண்டியிருக்கிறது, இதை எழுத எனக்குக் கூச்சமில்லை. ஒரு ஊரில் சாயங்காலம் ஒரு மண்டபத்தில் தங்க இடம் கேட்டபோது, குடும்பமாகத் தெரியவில்லையே என்று சந்தேகப்பட்டு அனுப்பிவிட்டார்கள், அன்றைக்கு தாபாவில் லாரிக்காரர்கள்தான் எனக்காக ஒரு கயிற்றுக் கட்டிலைத் தனியாகப் போட்டுக் கொடுத்தார்கள். நெடுஞ்சாலையில் எந்த அவசரத்துக்கும் 1033 என்ற எண்ணைக் கூப்பிடலாம், இதையும் நடக்கிறவர் போனில் மட்டும் வைத்திருக்காமல் எல்லோர் போனிலும் ஏற்றி வையுங்கள்.

காலம் பார்த்துக் கிளம்புவதும் கூடப் போகிறவர்களின் வேலைதான். ஒரு நாளைக்கு முப்பது கிலோமீட்டர் என்று வைத்தால் ஓய்வு நாளையும் சேர்த்து ஐந்து மாதம் ஆகும். மார்கழியில் கன்னியாகுமரியிலிருந்து கிளம்பினால் வடகிழக்குப் பருவமழை ஓய ஆரம்பித்திருக்கும், நாக்பூரைக் கடும் வெயிலுக்கு முன்னால் தாண்டிவிடலாம், பஞ்சாப் போகும்போது பனிமூட்டம் இருக்காது, ஸ்ரீநகரில் குளிர் குறைந்திருக்கும். சித்திரையில் கிளம்புகிறேன் என்று சொல்கிறவர்களைப் பார்த்தால் தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள்.

ஆசிரியர் அவர்களே, உங்கள் நிருபர்களிடம் நான் கேட்பது இதுதான். அடுத்த தடவை யாராவது சேலம் வழியாக நடந்து வந்தால், வண்டி ஓட்டுகிறவர் பெயரையும் சமைக்கிறவர் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், படம் எடுக்கும்போது அவர்களையும் கூப்பிட்டு நிறுத்துங்கள். தனியாக நடந்து வருகிறவராக இருந்தால், இன்றைக்கு ராத்திரி எங்கே தங்கப் போகிறீர்கள் என்று கேளுங்கள். கொண்டலாம்பட்டி பக்கம் வருகிறவர்களுக்குத் தங்க இடமும் சோறும் வெந்நீரும் நாங்கள் தருகிறோம், கூட வரும் வண்டியில் ஏதாவது கோளாறு என்றால் என் வீட்டுக்காரர் பார்த்துக்கொடுப்பார், காசு எதுவும் வேண்டாம். எங்கள் விலாசத்தையும் போன் நம்பரையும் தனித்தாளில் எழுதி இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன், அதைப் பத்திரிகையில் போட வேண்டாம், கேட்டு வருகிறவர்களுக்கு உங்கள் சேலம் அலுவலகத்திலிருந்து கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கொண்டலாம்பட்டி, சேலம்.